வேகம் ஏற்றிய மெஷின் வாளை மரத்தின் மேல் ஏற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடிப்பதற்கு முன்பாக வீட்டு மரங்களையும் கோயில் மரங்களையும் கிளை கழித்துவிட வேண்டும் என்று ரங்கூனிலும் பெகுவிலும் நம்மவர்கள் ஆள் தேடும் பருவம் இது. அந்த வேலைக்கு வரும் இளைஞர்களில் பலர், செயின் சா என்று எல்லோரும் சொல்லும் மெஷின் வாளைக் கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்தாமல், பட்டறையில் கொடுத்து வேகம் ஏற்றி வாங்கி வருகிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் குடைந்து பழகிய கைகள் இப்போது வாள் எஞ்சினையும் குடைகின்றன. இப்படிக் குடைந்து வைத்த பழைய வாள்கள், புதியதைவிட விலை குறைவு, வேகம் அதிகம் என்ற பேச்சோடு விற்பனைக்கும் வருகின்றன. 2008 முதல் பெகு வட்டாரத்தில் மரம் ஏறி வெட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எந்த வாளை வாங்கலாம், மாற்றியமைத்த வாளை எங்கே பயன்படுத்தலாம், எங்கே தொடவே கூடாது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்தில், பெகுவுக்கு அருகில் ஓர் ஊரில் அம்மன் கோயில் மடப்பள்ளிக் கூரைக்கு மேலே நீண்டிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கொண்டுபோன வாள் 50 சிசி. அதற்கு முந்தைய சித்திரையில் ஒரு பட்டறையில் குடைந்து, சைலன்சரைத் திறந்து, டியூன் செய்து கொடுத்தது. கிளையின் அடியில் கால் பங்கு அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்து இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் எஞ்சினின் சத்தம் சுருதி ஏறியது போலக் கீச்சென்று உயர்ந்தது. நான் விசையை விடுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கிளையில் கட்டிய வடத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தவன் என் அக்காள் மகன். காற்று அசையும்போதெல்லாம் பாதி அறுபட்ட வெட்டு வாய் திறந்து திறந்து மூடுவதை என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பார்த்துக்கொண்டு, கைவாளை மேலே தூக்கி அனுப்பச் சொல்லி, மீதியை அறுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூரைத் தகரம் நசுங்கவில்லை, யாருக்கும் காயம் இல்லை. அம்மன் காத்தாள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அவளை அப்படிச் சோதிக்கும் நிலைக்கு நான் வந்திருக்கக் கூடாது.

அன்று மாலை வீட்டில் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன். காற்று உள்ளே வரும் பக்கத்தில் பிஸ்டன் பளபளப்பாகவே இருந்தது. புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக நெடுங்கீறல்கள், நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழத்தில் இருந்தன. ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருந்தால் பிஸ்டன் சுற்றிலும் கீறியிருக்கும். புகைப் பக்கம் மட்டும் கீறியிருந்ததால், காற்றோடு சேரும் பெட்ரோல் குறைந்துபோய், அதனால் சூடேறிப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

காரணம் எளிமையானது. இந்த வாள்களில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பைத் தருகிறது. உள்ளே போகும் பெட்ரோலே ஓரளவு குளிர்ச்சியையும் தருகிறது. சைலன்சரைத் திறந்தால் புகை எளிதாக வெளியேறி, புதுக் காற்று கூடுதலாக உள்ளே வரும். அந்த அளவுக்குக் கார்புரேட்டரில் பெட்ரோலையும் கூட்டியாக வேண்டும். கூட்டினால் சத்தம் சற்றுக் கரகரப்பாக இருக்கும், சுற்றும் வேகமும் கொஞ்சம் குறையும். பட்டறைக்காரர் வாங்க வந்தவர் முன்னால் வாளை ரேஸ் செய்து காட்ட வேண்டியிருப்பதால், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூவைக் கீச்சென்று கேட்கும் எல்லைவரை இறுக்கி, பெட்ரோலைக் குறைத்துவிடுகிறார். சித்திரை வெயிலில், 37, 38 டிகிரி சூட்டில், காற்று லேசாக இருக்கும்போது அந்த அளவு போதுமானதாக இருந்துவிடும். தை மாதக் காலையில் 18 டிகிரி அளவில் காற்று கனத்து நிற்கும். அதே ஸ்க்ரூ அளவில் அதே எஞ்சினுக்குக் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகும். கம்பெனி அமைப்பில் இந்த வித்தியாசத்தைத் தாங்குவதற்கு இடம் விட்டிருப்பார்கள். என் வாளில் அந்த இடம் முழுவதையும் வேகத்துக்காகச் செலவழித்திருந்தார்கள். ஸ்டில் கம்பெனியின் எம் ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோ டியூன் போன்ற அமைப்புள்ள புதிய வாள்கள் இந்த அளவைத் தாமாகவே ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஸ்க்ரூ வைத்த வாள் அப்படிச் செய்யாது. ஒவ்வொரு பருவத்துக்கும் நாம்தான் திருப்ப வேண்டும்.

வேகம் ஏற்றுவது என்றால் என்னென்ன செய்கிறார்கள் என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். சைலன்சரைத் திறப்பது முதல் படி. அதில் தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் சிறு கம்பி வலை ஒன்று இருக்கும். அடைத்துக்கொள்கிறது என்று பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். மாசி, பங்குனியில் மூங்கில் சருகு மண்டிக்கிடக்கும் கொல்லையில் அந்த வலை இல்லாத வாளை ஓட்டுவது, அடுத்த வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும். அடுத்த படி, சிலிண்டரின் அடிப் பேக்கிங்கை எடுத்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டுவது. இதைச் செய்தவர், பிளக் துவாரம் வழியாக மெல்லிய ஈயக்கம்பியை விட்டு, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்து பார்த்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனால், சூட்டில் விரியும் பிஸ்டன் தலை சிலிண்டர் தலையில் முட்டும் ஆபத்து உண்டு. "எத்தனை மில்லிமீட்டர் வந்தது?" என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத பட்டறையில் வாளைக் கொடுக்காதீர்கள். சிலிண்டர் கீழிறங்கினால், அதன் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துவாரங்கள் திறக்கும் நேரமும் மாறிவிடும் என்பதால், தொழில் தெரிந்தவர் அதற்கேற்பத் துவாரங்களையும் திருத்துவார். தெரியாதவர் பேக்கிங்கை மட்டும் உருவிவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார்.

துவாரத்தைக் குடைவது அதைவிட நுட்பமான வேலை. புகைத் துவாரத்தை அளவு மீறி அகலப்படுத்தினால், பிஸ்டன் ரிங் மேலும் கீழும் ஓடும்போது அந்த இடைவெளியில் பிதுங்கி மாட்டி உடையும். குடைந்த விளிம்புகளைச் சரிவாக மழுக்காமல் விட்டாலும் இதே கதிதான். சிலிண்டர் சுவரின் கடினப் பூச்சும் அந்த விளிம்பிலிருந்து பெயர்ந்து வரத் தொடங்கும். நன்றாகக் குடைந்த வாளையும் நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவர் ஒரு சிலிண்டருக்கு ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் செய்வது வேறு வேலை.

செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவது சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். 3/8 அங்குலச் செயினுக்கு ஏழு பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 130 மில்லிமீட்டர் செயினை இழுக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால், செயின் நொடிக்கு 26 மீட்டர் ஓடுகிறது. எட்டுப் பல் போட்டால் அதே சுற்றில் ஏறக்குறைய 30 மீட்டர். மரம் வெட்டுபவர்களுக்கென்று நார் அடுக்குகள் வைத்துத் தைக்கும் பாதுகாப்புக் கால்சட்டைகளில், முதல் வகுப்பை நொடிக்கு 20 மீட்டர், இரண்டாம் வகுப்பை 24 மீட்டர், மூன்றாம் வகுப்பை 28 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்து முத்திரை இடுகிறார்கள். எட்டுப் பல் போட்ட வாள் முழு வேகத்தில் இந்த மூன்றையும் தாண்டி ஓடுகிறது. நம் பையன்களில் பெரும்பாலோர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதை எழுதும்போதே என் நெஞ்சு பதறுகிறது. அந்தக் கால்களுக்கும் அந்தச் செயினுக்கும் நடுவே இருப்பது ஒரு முழம் துணி.

மரத்தின் மேல் வேலை செய்பவருக்கு வேகத்தைவிட முக்கியமானவை இரண்டு. விசையை விட்டால் செயின் உடனே நிற்க வேண்டும். கீழே இருப்பவர் கத்தினால் காதில் விழ வேண்டும். வேகம் ஏற்றிய வாள் இந்த இரண்டையும் கெடுக்கிறது. துவாரங்களைப் பெரிதாகக் குடைந்த எஞ்சின் மெதுவான ஓட்டத்தில் தடுமாறும். அது அணைந்துவிடாமல் இருக்க ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தைக் கூட்டிவைக்கிறார்கள். கூட்டினால் கிளட்ச் லேசாகப் பிடித்து, விசையைத் தொடாதபோதும் செயின் ஊர்ந்துகொண்டே இருக்கும். தரையில் நிற்பவருக்கு அது ஒரு தொந்தரவு மட்டுமே. இடுப்பில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் வாளைத் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த கவட்டைக்குக் கால் மாற்றுபவருக்கு, ஊர்கின்ற செயின் தன் உயிர்க்கயிற்றின் மேல் வைத்த கத்தி. சத்தத்தைப் பொறுத்தவரை, மாற்றாத வாளே ஓட்டுபவரின் காதில் 100 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும். அந்த அளவில் பாதுகாப்பில்லாத காது ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியது கால் மணி நேரமே என்பது தொழில் நல அளவுகோல். சைலன்சரைத் திறந்தால் இன்னும் கூடும். "அண்ணே, நிறுத்துங்க, கீழே பிள்ளை வருது" என்று வடம் பிடிப்பவன் கத்துவது அந்த இரைச்சலில் மேலே போய்ச் சேராது.

மாற்றியமைத்த வாளுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிங்காடோ என்று பர்மியர்கள் சொல்லும் இருள் மரத்தின் தடி, காய்ந்தபின் ஏறக்குறைய இரும்பு போல ஆகிவிடும். அந்தத் தடிகளைத் மரக்கிடங்கில் கிடத்திவைத்து, செயின் சுற்றி ஓடும் தகடான பாரை நீளமாகப் போட்டு நாள் முழுக்க அறுப்பவருக்கு, ஒழுங்காகக் குடைந்த 70 சிசி வாள் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அது தரையில் கிடக்கும் தடியைத் தவிர வேறெதையும் தொடாது. நிற்கும் மரத்தின் அடிவெட்டுக்குக்கூட நாங்கள் அதை எடுப்பதில்லை. ஏனென்றால் மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கத்துக்குக் கீல் போல விட்டுவைக்கும் சதையை விரற்கடை விரற்கடையாக நெருங்கும் நேரத்தில், விசையைத் தொட்டவுடன் பாய்கிற வாள் அந்தக் கீலையும் சேர்த்து அறுத்துவிடும்.

பழைய ஆட்களிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டில் 070 வாளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஏறக்குறைய 106 சிசி அளவுள்ள அந்த எஞ்சின் மெதுவாகச் சுற்றி, கனத்த செயினை எருது இழுப்பது போல இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. கடின மரம் மிகுந்த நம் பக்கத்து நாடுகளில் அது இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு அந்த இழுவைதான் காரணம். அதையும் குடைந்து வேகம் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்படும்போது, உழவு மாட்டைப் பந்தயத்தில் ஓட்டுவதைக் கண்டது போல வருத்தமாக இருக்கிறது.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் இரண்டு வாள் வாங்க முடிந்தால், மரத்தின் மேல் வேலைக்கு 35 சிசி அளவில் மேல்பிடி வைத்த இலகுவான ஒன்றையும், தரை வேலைக்கு 50 சிசி ஒன்றையும், இரண்டையும் கடையில் வந்தபடியே வாங்கட்டும். ஒன்றுதான் முடியும் என்றால் தரைக்கான வாளை வாங்கிக்கொண்டு, மேலே கைவாளால் அறுக்கட்டும். வளைந்த நல்ல கைவாள் மணிக்கட்டு கனமுள்ள கிளையை ஒரு நிமிடத்தில் இறக்கிவிடும். பெட்ரோலுக்கு, கம்பெனி சொல்லும் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. சாலையோரத்தில் போத்தலில் அடைத்து விற்கும் பெட்ரோலை வாளுக்கு வாங்காதீர்கள். அழுத்தம் கூட்டிய எஞ்சின் வைத்திருப்பவர் 92 ஆக்டேனை விட்டுவிட்டு 95 வாங்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் தலையில் அடி விழும்.

வேகம் போதவில்லை என்று பட்டறைக்குப் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டியது அரம் என்பது என் அனுபவம். 2008 மே 2ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலைவரை நர்கீஸ் புயல் அடித்து ஓய்ந்தபோது, ரங்கூன் சாலைகளில் நூறு வயது மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கோடரியோடும் கைவாளோடும் தெருவில் இறங்கியவர்களுக்கு நடுவே, என் தகப்பனாரிடம் ஒரே ஒரு மெஷின் வாள் இருந்தது. நானும் அவரோடு போனேன். மூன்று வாரம் அந்த வாள் ஓடியது. ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும் அவர் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே பாரை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு, வெளிப்பக்கமாக மட்டும், ஒரே அழுத்தத்தில் அரம் போடுவார். எல்லோரும் அவசரப்பட்டுக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். வாள் கக்கும் தூளைக் கையில் ஏந்திப் பார்ப்பார். சுருள் சுருளாக வந்தால் தொடர்வார். மாவு போல வந்தால் நிறுத்திவிட்டு மறுபடியும் அரத்தை எடுப்பார். பக்கத்தில் அதைவிடப் பெரிய வாளோடு வந்தவர், மழுங்கிய செயினைத் தன் உடல் கனத்தால் அமுக்கி அமுக்கிப் புகை வரவழைத்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

3/8 அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம், சிறு வாள்களின் தாழ்ந்த பல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம். கோணம் 30 டிகிரி. காய்ந்த இருள், தேக்கு போன்றவற்றுக்கு 25 டிகிரி வைத்தால் முனை அதிக நேரம் நிற்கும். தேக்கில் மணல் சத்து இருப்பதால் அது முனையைச் சீக்கிரம் தின்றுவிடும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டையும் அவ்வப்போது தேய்க்க வேண்டும், ஆனால் பல்லின் முனைக்கும் அந்த மேட்டுக்கும் இடையே 0.65 மில்லிமீட்டர் போதும். வேகமாக அறுக்கும் என்று அதை மேலும் தேய்ப்பவர், பாரின் மூக்கு மரத்தில் பட்டவுடன் வாள் முகத்தை நோக்கித் திரும்பி எகிறுவதைத் தானே வரவழைத்துக்கொள்கிறார்.

கோயில் நிர்வாகிகளுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்களை மரத்தில் ஏற்றுவதற்கு முன்பு, அவர்கள் கொண்டுவந்த வாளைத் தரையில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசையைத் தொடாதபோது செயின் அசையாமல் நிற்கிறதா, முன் கைத்தடுப்பைத் தள்ளியவுடன் பிரேக் பிடிக்கிறதா, செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கி அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சரில் புதிதாகத் துளையிட்ட தடமோ பற்றவைத்த தடமோ தெரிந்தால், இந்த வாள் கீழேயே இருக்கட்டும், மேலே வேறு வாள் கொண்டு போங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். அதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடுதல் கூலியோ ஆனால், அதை முகம் சுளிக்காமல் கொடுங்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கீழே நின்று அவசரப்படுத்தும் குரல்களால்தான் பையன்கள் வேகமான வாளைத் தேடிப் போகிறார்கள்.

கீறல் விழுந்த அந்தப் பிஸ்டனை நான் தூக்கி எறியவில்லை. வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களின் கையில் முதலில் அதைத்தான் கொடுத்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். பெகுவில் இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் வந்து பார்க்கலாம்; அரம் போடக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காசு வாங்காமல் சொல்லித் தருகிறேன். முதல் மழைக்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால், இக்கடிதத்தை விரைவில் வெளியிட்டு உதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரம் வெட்டும் தொழிலில் உள்ள தங்கள் வாசகன்,
பெகு, பர்மா.